ரத்தத்தை இரவில் எடுங்கள்: ஒட்டுண்ணிகள் பற்றிய கேள்விகளும் என் பதில்களும்

1979 முதல் முப்பத்து நான்கு ஆண்டுகள் புதுச்சேரியில் ஒட்டுண்ணிகளோடும் கொசுக்களோடும் பாக்டீரியாக்களோடும் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். நான் மருத்துவர் அல்ல, ஆய்வாளர். அதனால் யாருக்கும் மருந்தின் அளவு சொல்ல மாட்டேன். பரிசோதனை அறிக்கையைப் படமெடுத்து அனுப்பினாலும் படித்துச் சொல்ல மாட்டேன். புழு எப்படி வாழ்கிறது, கொசு எங்கே முட்டையிடுகிறது, நுண்ணுயிர் என்ன செய்கிறது என்று கேளுங்கள். தெரிந்ததை முழுதாகச் சொல்கிறேன்.

முத்தியால்பேட்டை வாசகர்: அம்மா, என் தந்தைக்கு 68 வயது. இடது கால் சில ஆண்டுகளாக வீங்கியிருக்கிறது. அடிக்கடி குளிர் காய்ச்சல் வந்து தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது. ஒரு பரிசோதனைக் கூடத்தில் காலை பதினொரு மணிக்கு ரத்தம் எடுத்து ஸ்லைடு பார்த்துவிட்டு, ‘யானைக்கால் கிருமி இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நம்பலாமா?

பதில்: அந்தத் தாளை நம்ப வேண்டாம். காலை பதினொரு மணிக்கு எடுத்த ஸ்லைடு எதையும் நிரூபிக்காது.

நம் ஊரில் யானைக்காலை உண்டாக்கும் புழுவின் பெயர் உச்செரீரியா பான்கிராஃப்டி. பெண் புழு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம், நூல் போல இருக்கும். ஆண் புழு அதில் பாதிக்கும் குறைவு. இரண்டும், உடலில் கசியும் நீரை ரத்தத்துக்குத் திருப்பும் நிணநீர் நாளங்களில் சுருண்டு கிடந்து ஆண்டுக்கணக்கில் வாழும். அவை ஈனும் குஞ்சுகளான மைக்ரோஃபைலேரியாக்கள் பகலில் நுரையீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்களில் ஒதுங்கியிருக்கும். இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணிக்குள்தான் தோலுக்கு அடியில் ஓடும் ரத்தத்துக்குக் கூட்டமாக வரும். அதைச் சுமக்கும் கியூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் அதுதான். புழு தன் வண்டி வரும் நேரம் தெரிந்து வாசலில் வந்து நிற்கிறது.

சீனாவின் அமாய் துறைமுகத்தில் சுங்கத்துறை மருத்துவராக இருந்த பேட்ரிக் மான்சன், உதவியாளர்களை இரவு பகலாக முறைவைத்து ரத்தம் பார்க்கச் செய்து இந்த நேரக் கணக்கைக் கண்டார். 1877-இல் தன் தோட்டக்காரரைக் கடித்த கொசுக்களை அறுத்து, புழு கொசுவுக்குள் வளர்வதையும் பார்த்தார். ஆனால் கொசு தண்ணீரில் விழுந்து செத்து, அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு நோய் வருகிறது என்றே நினைத்தார். 1900-இல் ஜார்ஜ் கார்மைக்கேல் லோ கொசுவின் உறிஞ்சு குழலுக்குள் புழுவைக் காட்டிய பிறகுதான் உண்மை வெளிப்பட்டது. கண்ணால் கண்ட ஒருவரே பாதி வழியில் தவறியிருக்கிறார் என்பதை நான் என்றும் மறந்ததில்லை.

உங்கள் தந்தையின் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. வீக்கம் நாள்பட்டுப் போனவர்களின் ரத்தத்தில் இரவிலும் பெரும்பாலும் புழு தெரியாது. புழு செத்துப்போய், அது கெடுத்த நாளம் மட்டும் மிஞ்சியிருக்கும். இப்போது விரல் நுனி ரத்தத்தில், புழு வெளிவிடும் ஆன்டிஜென் என்ற பொருளைக் காட்டும் பட்டைச் சோதனை இருக்கிறது. அதற்குப் பகல் இரவு பேதமில்லை. அரசு மருத்துவமனையில் இரண்டையும் கேளுங்கள்.

இதைவிட முக்கியமானது காய்ச்சல். அந்தக் குளிர் காய்ச்சலை உண்டாக்குவது பெரும்பாலும் புழு அல்ல, பாக்டீரியா. விரலிடுக்கில் இருக்கும் சேற்றுப்புண், பித்தவெடிப்பு, சிறு கீறல் வழியாக உள்ளே போகிறது. நிணநீர் ஓட்டம் கெட்ட காலால் அதைத் துரத்த முடியாது. ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பிறகும் கால் இன்னும் கொஞ்சம் பருக்கும். அதனால் தினமும் காலையும் மாலையும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, விரலிடுக்குகளை மென்மையான துணியால் ஈரமில்லாமல் துடையுங்கள். சேற்றுப்புண் இருந்தால் அன்றே மருந்து போடுங்கள். உட்காரும்போதும் படுக்கும்போதும் கால் உயரமாக இருக்கட்டும். கணுக்காலை அசைத்துக்கொண்டே இருக்கட்டும். காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். முதுகலை முடித்து வந்த நாட்களில் நான் புழுவையே எதிரியாக நினைத்தேன். வீடுவீடாகப் போய் அந்தக் கால்களைப் பார்த்தபின்தான் சோப்பும் துணியும் என்ன செய்யும் என்று தெரிந்தது.

ரெட்டியார்பாளையம் வாசகி: யானைக்கால் உள்ளவரைத் தொட்டால், அவர் பாயில் படுத்தால் தொற்றுமா?

பதில்: தொற்றாது. தயவுசெய்து அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

கடலூர் சிப்காட் தொழிலாளர்: எனக்கு எப்போதும் இரவுப் பணி. பகலில்தான் தூக்கம். எனக்கும் இரவில்தான் ரத்தம் எடுக்க வேண்டுமா?

பதில்: அருமையான கேள்வி. தூக்கத்தைத் தலைகீழாக மாற்றினால் சில நாட்களில் மைக்ரோஃபைலேரியாவின் நேரமும் தலைகீழாக மாறுகிறது என்று மான்சன் காலத்திலேயே லண்டனில் ஸ்டீஃபன் மெக்கன்சி காட்டியிருக்கிறார். புழு பார்ப்பது சூரியனை அல்ல, உங்கள் உடலின் ஓய்வை. மாதக்கணக்கில் நிலையாக இரவுப் பணி செய்பவர் ரத்தம் எடுப்பவரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வாராவாரம் பணிநேரம் மாறுபவருக்கு ஸ்லைடைவிடப் பட்டைச் சோதனையே நல்லது.

சிதம்பரம் கல்லூரி மாணவி: அம்மா, நுண்ணுயிரியல் முதுகலை படிக்கிறேன். நீங்கள் இந்தத் துறைக்கு எப்படி வந்தீர்கள்? ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்? பெண்களால் களத்தில் வேலை செய்ய முடியுமா?

பதில்: மகளே, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இரவு ரத்தக் கணக்கெடுப்புக்கு நாங்கள் ஒன்பதரை மணிக்குக் கிளம்புவோம். கையில் ஊசி, பஞ்சு, ஸ்பிரிட், எண்ணிட்ட ஸ்லைடுகள், டார்ச். தூங்குகிற வீட்டின் கதவைத் தட்டி, ‘ஒரு சொட்டு ரத்தம் வேண்டும்’ என்று கேட்க வேண்டும். ஆண்கள் தட்டினால் திறக்காத கதவு பல தெருக்களில் எனக்குத் திறந்தது. தூங்கும் குழந்தையின் விரலை அழவிடாமல் குத்த அந்த வீட்டுப் பெண்களே எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். முடியுமா என்று யாரும் உன்னைக் கேட்கும் நிலை வராதபடி செய்துவிடு.

எடுக்கும் ரத்தம் இருபது கன மில்லிமீட்டர். தடவிக் காயவைத்து, மறுநாள் தண்ணீரில் மூழ்கவைத்துச் சிவப்பை நீக்கி, அதன்பிறகே மெத்தனாலில் நிலைப்படுத்திச் சாயம் ஏற்ற வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் வரிசையை மாற்றி முதலிலேயே மெத்தனாலில் முக்கிவிட்டேன். ஒரு தெரு முழுவதன் ஸ்லைடுகளும் பார்க்க முடியாத செந்தட்டுகளாகப் போயின. மீண்டும் அதே தெருவுக்குப் போய், அதே மனிதர்களை எழுப்பி, என் தவறு என்று சொல்லி ரத்தம் எடுத்தேன். இன்னொரு முறை, மூடாமல் வைத்த ஸ்லைடுகளைக் கரப்பான்பூச்சி தின்றுவிட்டது. காய்ந்த ரத்தம் அதற்கு உணவு. பாடப்புத்தகம் இதையெல்லாம் ஒரு வரியில் சொல்லும். நமக்கு அது ஓர் இரவின் உழைப்பு.

விடியற்காலையில் வீடுகளுக்குள் உறிஞ்சு குழாயால் கொசு பிடிப்போம். ஆய்வகத்தில் ஒவ்வொன்றையும் உப்புநீர்த் துளியில் வைத்து, மெல்லிய ஊசிகளால் தலை, மார்பு, வயிறு என்று பிரித்துப் பார்ப்போம். குடித்த ரத்தத்தோடு போன மைக்ரோஃபைலேரியா, மார்புத் தசையில் பத்துப் பதினான்கு நாட்கள் வளர்ந்து, மனிதனைத் தொற்றத் தயாரான மூன்றாம் நிலைப் புழுவாகும். அதன் நீளம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். நான் முதன்முதலில் அதைப் பார்த்தபோது அது உப்புநீரில் சாட்டை போலத் துடித்து நீந்தியது. நூற்றுக்கணக்கான கொசுக்களை வெறுமையாக அறுத்த பிறகு வந்த புழு அது. அன்று மதியம் சாப்பிடப் போகவே மனம் வரவில்லை.

பிறகு பாக்டீரியாப் பக்கம் வந்தேன். கோரிமேட்டில் ஜிப்மருக்கு அருகே இருக்கும் கொசு ஒழிப்பு ஆய்வு மையம் 1975-இல் தொடங்கப்பட்டது. கர்நாடகத்தில் உண்ணி பரப்பும் கியாசனூர் காட்டுக் காய்ச்சல் ஆய்வில் உழைத்துப் பழகிய பி.கே. ராஜகோபாலன் அதன் இயக்குநராக இருந்தார். 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரில் வடிகால் சீரமைப்பு, கொசுப்புழு தின்னும் மீன், மூடி என்று எல்லா வழிகளையும் சேர்த்துக் கியூலெக்ஸைக் குறைத்துக் காட்டினார்கள். திட்டம் முடிந்ததும் கொசு திரும்பி வந்தது. ஆய்வாளர் போனபின் சாக்கடையைக் காக்க ஊரில் யாரும் இல்லை என்பதே அதற்குக் காரணம் என்பது என் கருத்து.

அந்தக் காலத்தில் உலகமே கொசுப்புழுவைக் கொல்லும் பாக்டீரியாவை மண்ணில் தேடியது. 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்துக் குட்டையொன்றில் பேசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் கிடைத்திருந்தது. புதுச்சேரி மையமும் பி-17 என்ற தன் சொந்த வகையைக் கண்டெடுத்து வளர்த்தது. முறை எளியது. மண்ணைத் தண்ணீரில் கரைத்து எண்பது டிகிரி வெப்பத்தில் வைத்தால் சாதாரண பாக்டீரியா செத்துவிடும். விதைபோல உறைந்திருக்கும் ஸ்போர்கள் பிழைக்கும். அவற்றை வளர்த்துக் கொசுப்புழுவுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். நல்ல வகையாக இருந்தால் அதன் நச்சுப்படிகம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து, குடல் செல்களை வெடிக்கச் செய்யும். மீனுக்கும் மனிதனுக்கும் கேடில்லை.

இதற்கு உறவான பேசில்லஸ் ஸ்ஃபேரிக்கஸ் சாக்கடை நீரிலும் நீடித்து நின்றது. எல்லாரும் மகிழ்ந்தோம். 1990-களின் நடுவில் கொச்சியில் அதைத் தெளித்த இடத்தில் கியூலெக்ஸ் மிகப் பெரிய அளவில் எதிர்ப்பைப் பெற்றுவிட்டது தெரியவந்தது. அதன் நச்சு குடலில் ஒரே வகைப் பூட்டைத்தான் திறக்கும். கொசு அந்தப் பூட்டை மாற்றிக்கொண்டது. இஸ்ரேலென்சிஸிடம் பல சாவிகள் உண்டு, அதனால் அதற்கு எதிர்ப்பு எளிதில் வரவில்லை. உயிரை எதிர்த்து ஒரே ஆயுதத்தோடு போகாதே. இதை நீ தேர்வில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, களத்தில் மறந்துவிடாதே.

படிப்பைத் தொடர அந்த மையத்திலேயே புதுவைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பூச்சியியல் முதுகலை இருக்கிறது. உன் பக்கத்திலேயே பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. சேர்க்கை விவரங்களை அங்கேயே கேட்டுக்கொள்.

நெல்லித்தோப்பு வாசகி: என் ஆறு வயது மகன் இரவில் ஆசனவாயைச் சொறிந்துகொண்டு அழுகிறான். பூச்சி மாத்திரை கொடுத்தும் மறுபடி வருகிறது.

பதில்: கீரிப்பூச்சியாக இருக்கும். பெண் புழு இரவில் வெளியே வந்து தோலில் முட்டையிடும். காலையில் குளிப்பதற்கு முன் அங்கே ஒட்டும் டேப்பை ஒற்றி எடுத்து ஸ்லைடில் பார்த்தால் முட்டை தெரியும். மலப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரியாது. சொறிந்த விரலின் நகக்கண்ணிலிருந்து முட்டை மறுபடி வாய்க்குப் போகிறது. வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் மருந்து எடுக்காவிட்டால் பயனில்லை. நகத்தை ஒட்ட வெட்டுங்கள்; போர்வையையும் உள்ளாடையையும் வெந்நீரில் துவையுங்கள். மாத்திரையின் அளவை மருத்துவர் சொல்வார்.

உழவர்கரை வாசகர்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரியவர்களும் பூச்சி மாத்திரை சாப்பிட வேண்டுமா?

பதில்: மருத்துவரைக் கேளுங்கள். பள்ளியில் குடற்புழு நீக்க நாளன்று கொடுக்கும் மாத்திரையைக் குழந்தைகளுக்குத் தவறவிடாதீர்கள்.

பண்ருட்டி முந்திரி விவசாயி: தோப்பில் வேலை செய்பவர்களில் பலருக்குச் சோகை. சத்துக் குறைவு என்கிறார்கள். காலில் அரிப்பும் வருகிறது. புழுவாக இருக்குமா?

பதில்: இருக்கலாம், கட்டாயம் மலப் பரிசோதனை செய்யுங்கள். நிழலும் ஈரமும் உள்ள மணற்பாங்கான மண் கொக்கிப்புழுவுக்குத் தொட்டில். தோப்பில் மலம் கழித்த இடத்தில் முட்டை பொரித்து, குஞ்சு ஒரு வாரத்தில் தோலைத் துளைக்கத் தயாராகிவிடும். வெறுங்காலின் விரலிடுக்கில் நுழையும் இடத்தில்தான் அந்த அரிப்பு. பிறகு ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் பல் பதிக்கும். ஒரு வகைப் புழு நாளொன்றுக்கு 0.2 மில்லிலிட்டர் வரை ரத்தம் இழக்கச் செய்யும். நூறு புழு இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இது தோல் வழியாகப் போகும் என்று முதலில் யாருக்கும் தெரியாது. 1898-இல் எகிப்தில் ஆர்தர் லூஸ் என்பவரின் கையில் புழுக் குஞ்சுகள் இருந்த நீர் தற்செயலாகச் சிந்தியது. அந்த இடம் சிவந்து அரித்தது. சில வாரங்களில் அவர் மலத்திலேயே கொக்கிப்புழு முட்டைகள் வந்தன. அரிப்பை அலட்சியம் செய்யாத ஒரு மனிதரால் உலகத்துக்குச் செருப்பின் அருமை தெரிந்தது. தோப்பில் ஒரு கழிப்பறை கட்டுங்கள், வேலைக்கு வருபவர்களுக்குச் செருப்பு வாங்கிக் கொடுங்கள். இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான்.

திருபுவனை வாசகர்: யானைக்கால் மாத்திரை சாப்பிட்டால் வீங்கிய கால் வற்றிவிடுமா?

பதில்: வற்றாது. மாத்திரை புழுக்குஞ்சுகளைக் கொன்று மற்றவருக்குப் பரவாமல் தடுக்கும். காலுக்குச் சோப்பும் தண்ணீரும்தான். முதல் பதிலைப் படியுங்கள். விரை வீக்கத்துக்கு மட்டும் அறுவை சிகிச்சையில் நல்ல தீர்வு உண்டு. வெட்கப்பட்டு வேட்டிக்குள் மறைத்து வாழாதீர்கள்.

தேவனாம்பட்டினம் மீனவர்: வலையில் வரும் சில மீன்களின் செவுளிலும் வாயிலும் வெள்ளைப் பூச்சி ஒன்று கவ்விக்கொண்டிருக்கிறது. வாங்குபவர்கள் அருவருக்கிறார்கள். மீனைத் தின்னலாமா?

பதில்: தின்னலாம் அண்ணே. அது இறால், நண்டு இனத்தைச் சேர்ந்த ஐசோபாட். மீனின் ரத்தத்தை உறிஞ்சி வாழும், மனிதனைத் தொற்றாது. இந்தக் குடும்பத்தில் சில, குட்டியாக இருக்கும்போது முதலில் ஆணாகவும் பிறகு பெண்ணாகவும் மாறுபவை. பசிபிக் கடலில் ஒன்று மீனின் நாக்கை அழித்துவிட்டு நாக்கு இருந்த இடத்திலேயே வாழ்கிறது. எடுத்து எறிந்துவிட்டு, மீனை நன்றாகக் கழுவிச் சமையுங்கள். எந்த மீனில், எந்த மாதத்தில் அதிகம் வருகிறது என்று குறித்து வைத்துப் பரங்கிப்பேட்டை மையத்தில் கொடுத்தால் அங்கே அதை ஆவலோடு வாங்கிக்கொள்வார்கள். கடலில் தினமும் இருப்பவர் நீங்கள்; எங்களுக்கு வாரத்தில் ஒரு நாள்கூடக் கிடைப்பதில்லை.

லாஸ்பேட்டை வாசகி: முட்டைக்கோஸ் சாப்பிட்டால் மூளையில் புழு வரும் என்று மருத்துவரே சொன்னாராம்.

பதில்: முட்டைக்கோஸைக் குற்றவாளி ஆக்காதீர்கள். நாடாப்புழு உள்ள மனிதரின் மலத்தில் முட்டைகள் வெளியேறும். அந்த மலம் கலந்த மண்ணோ நீரோ பட்ட எந்தப் பச்சைக் காயிலும், கழுவாத கையிலும் அவை இருக்கலாம். வயிற்றுக்குள் போனால் குஞ்சுகள் மூளையில் கட்டியாகி வலிப்பைத் தரும். ஆகவே சைவ உணவு உண்பவருக்கும் வரும். நன்றாகச் சமைத்த கோஸால் வராது. பச்சையாகத் தின்னும் எதையும் நன்றாகக் கழுவுங்கள்.

வில்லியனூர் வாசகர்: புதுச்சேரியில் ஏதோ பாக்டீரியாவைக் கொசுவுக்குள் ஏற்றி வளர்த்திருக்கிறார்களாமே? கொசுவை ஒழிக்கச் சொன்னால் கொசுவை வளர்க்கிறார்களா?

பதில்: அந்தப் பாக்டீரியாவின் பெயர் வோல்பாக்கியா. என் வாழ்நாளில் நான் பார்த்த உயிர்களில் என்னை அதிகம் வியக்கவைத்தது அதுதான். 1924-இல் ஹெர்ட்டிக், வோல்பாக் என்ற இருவர் கியூலெக்ஸ் கொசுவின் உடலில் கண்டார்கள். அது தாயிடமிருந்து முட்டை வழியாகப் பிள்ளைக்குப் போகும். வோல்பாக்கியா உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. 1967-இல் பர்மாவின் ஓக்போ என்ற சிற்றூரில் லாவன் என்பவர் இந்தப் பொருந்தாமையைப் பயன்படுத்திக் கியூலெக்ஸை ஒழித்துக் காட்டினார். அதற்குக் காரணம் பாக்டீரியா என்பதே அப்போது தெரியாது!

யானைக்கால் புழுவுக்குள்ளும் ஒரு வோல்பாக்கியா இருக்கிறது. கொசுவுக்கு அது ஒண்டுக்குடித்தனம், புழுவுக்கோ உயிர்த்தோழன். அது செத்தால் பெண் புழு மலடாகி, மெல்லச் சாகும். அதனால்தான் பாக்டீரியாவுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் ஒரு புழுவைக் கொல்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் கடையில் வாங்கி விழுங்காதீர்கள். வாரக்கணக்கில், மருத்துவரின் கண்காணிப்பில், கர்ப்பிணிகளையும் சிறு குழந்தைகளையும் தவிர்த்துத் தரும் மருந்து அது.

நீங்கள் கேட்டது டெங்குக் கொசுவான ஏடிஸ் பற்றியது. அதன் உடலில் இயல்பாக வோல்பாக்கியா இல்லை. ஏற்றிவிட்டால் டெங்கு வைரஸ் அதற்குள் சரியாகப் பெருகாது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் இப்படிக் கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021-இல் ஆய்வு வெளியானது. நம் மையம் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உள்ளூர்க் கொசுவில் இதை ஏற்றிய இரண்டு வகைகளை உருவாக்கியதாக 2022-இல் அறிவித்தது. ஊரில் விடுவதற்கு அரசின் அனுமதி வேண்டும்.

அரியாங்குப்பம், ஓய்வு பெற்ற ஆசிரியர்: அம்மா, மன்னிக்க வேண்டும். எழுபதுகளில் டெல்லியில் இப்படித்தான் வெளிநாட்டுப் பணத்தில் கொசு ஆய்வு நடந்து, கிருமிப்போர் ஆராய்ச்சி என்று பாராளுமன்றம் வரை போனது. ஏழை நாட்டு மக்கள்தான் எப்போதும் சோதனை எலிகளா? யாரைக் கேட்டு விடுவார்கள்?

பதில்: ஆசிரியர் ஐயா, நீங்கள் சொல்வது நடந்தது. உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரும் அமெரிக்க நிதியோடு நடத்திய கொசு மரபியல் பிரிவு அது, 1975-இல் மூடப்பட்டது. அதில் உழைத்தவர்கள் நேர்மையானவர்கள் என்று நான் நம்புகிறேன். ஆனால் ஊரைக் கூட்டி, என்ன செய்கிறோம், பணம் யாருடையது என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தச் சந்தேகம் அவ்வளவு வளர்ந்திருக்காது.

வில்லியனூர் வாசகர்: அப்படியானால் இது மரபணு மாற்றக் கொசுதானே?

பதில்: இல்லை. கொசுவின் மரபணுவில் கை வைப்பதில்லை. அது உயிரோடு இருக்கும் ஒரு பாக்டீரியா. கடித்தாலும் மனித உடலில் வாழாது.

ஆசிரியர்: தெளிவான பதில்தான். ஆனால் ‘கேடில்லை’ என்று டி.டி.டி. பூச்சிக்கொல்லிக்கும் சொன்னார்களே? ஒருமுறை பரவிய பாக்டீரியாவைத் திரும்ப அழைக்க முடியுமா?

பதில்: முடியாது என்பதே நேர்மையான பதில். நிலைத்துப் பரவ வேண்டும் என்பதற்காகவே விடுகிறார்கள். அதனால்தான் விடுவதற்கு முன்பே கேட்க வேண்டும் என்ற உங்கள் கட்சியில் நானும் இருக்கிறேன். ஆனால் தராசின் மறுதட்டையும் பாருங்கள் ஐயா. மழைக்காலம்தோறும் டெங்கு வார்டில் படுத்திருக்கும் பிள்ளைகளையும் யாரும் கேட்டுவிட்டுக் கடிக்கவில்லை. கொசுவுக்குப் புகை அடிக்கும் வண்டியை நம்பி இருக்கிறோம். அது பறக்கும் கொசுவைக் கொஞ்சம் கொல்லும், தொட்டியில் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது.

லாஸ்பேட்டை மாணவர்: ஆசிரியர் ஐயாவின் பயம் அறிவியலுக்கு எதிரானது.

பதில்: தம்பி, அப்படிச் சொல்லாதே. கேள்வி கேட்பவர் அறிவியலின் எதிரி அல்ல. இரவில் கதவைத் தட்டியபோது, ‘என் ரத்தத்தை என்ன செய்வாய்?’ என்று கேட்டவர்களே பிற்பாடு தெருவைக் கூட்டி எங்களுக்கு உதவினார்கள். பேசாமல் விரலை நீட்டியவர்கள் மறுமுறை கதவைத் திறக்கவில்லை.

ஆசிரியர்: கூட்டம் போட்டால் நான் வருகிறேன். எதிர்த்துப் பேசவும் வருவேன்.

பதில்: வாருங்கள். நானும் வருவேன்.

மஞ்சக்குப்பம் வாசகர்: 2015 வெள்ளத்தின்போது எங்கள் தெருவில் இடுப்பளவு நீர். இனி அப்படி வந்தால் எலிக்காய்ச்சலுக்கு என்ன செய்வது?

பதில்: எலியின் சிறுநீரில் வரும் லெப்டோஸ்பைரா என்ற திருகுவடிவ பாக்டீரியா, தேங்கிய நீரில் இருந்து காலின் கீறல் வழியாகப் போகும். நீரில் இறங்கி ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்காலில் கடும் வலியும் கண் சிவப்பும் வந்தால், ‘வெள்ளத்தில் நின்றேன்’ என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள். தொடக்கத்தில் மருந்து கொடுத்தால் நன்றாகக் கேட்கும். சிறுநீரகம் கெட்டபின் கடினம். புண் உள்ள காலோடு வெள்ளத்தில் இறங்க வேண்டாம்.

கோட்டக்குப்பம் வாசகர்: எந்த நிறுவனத்தின் தண்ணீர் சுத்திகரிப்பான் வாங்கலாம்?

பதில்: இது என் துறை அல்ல. கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

பாகூர் வாசகர்: யானைக்கால் மாத்திரை கால் வீக்கத்தைக் குறைக்குமா?

பதில்: மறுபடியும் இதே கேள்வி வருகிறது. குறைக்காது. மேலே இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். கழுவுங்கள், துடையுங்கள்.

திருக்கோவிலூர் வாசகி: ஊர் முழுவதற்கும் யானைக்கால் மாத்திரை கொடுத்தபோது, நோயே இல்லாத நாங்கள் ஏன் விழுங்க வேண்டும் என்று அப்போதே கேட்டோம். விழுங்கியவர்களுக்குக் காய்ச்சலும் வந்தது.

பதில்: ரத்தத்தில் புழுக்குஞ்சைச் சுமப்பவர்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. கொசு அவர்களிடமிருந்துதான் எடுக்கிறது. காய்ச்சல் வந்தவர்களில் பலருக்கு, உள்ளே செத்த குஞ்சுகளே காரணம்.

இந்தப் புழுவைப் பற்றி நம்பிக்கை தரும் செய்தி ஒன்று உண்டு. கொசுவுக்குள் அது பெருகுவதில்லை. உள்ளே போன ஒரு குஞ்சு ஒரு புழுவாகவே வெளியே வரும். 1960-களில் ரங்கூனில் போட்ட கணக்கின்படி, ஒருவர் ரத்தத்தில் மைக்ரோஃபைலேரியா தோன்றுவதற்குப் புழு உள்ள கொசுக்கள் ஏறத்தாழ 15,500 முறை கடித்திருக்க வேண்டும். மலேரியாவுக்கு ஒரு கடி போதும். அதனால் இதை ஒழிக்க முடியும். உங்கள் வட்டாரத்திலேயே மாத்திரையோடு சேர்த்துக் கழிவுநீர்க் குழிகளிலும் கிணறுகளிலும் தெர்மோகோல் மணிகளை மிதக்கவிட்டு, கொசு முட்டையிட முடியாமல் செய்து பார்த்தார்கள். மாத்திரை மட்டும் கொடுத்த ஊர்களைவிட அங்கே பலன் நிலைத்தது. உங்கள் வீட்டு செப்டிக் டேங்க் மூடியில் விரிசல் இருந்தால் இன்றே பூசுங்கள். காற்றுக்குழாயின் வாயில் வலை கட்டுங்கள்.

காலாப்பட்டு வாசகர்: ஐவர்மெக்டின் கோவிடுக்கு நல்லதா?

பதில்: பெரிய ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. அது புழுவுக்கான மருந்து. ஜப்பான் மண்ணில் கிடைத்த பாக்டீரியாவிலிருந்து அதைத் தந்த ஓமுராவும் கேம்ப்பெல்லும் 2015-இல் நோபல் பெற்றது புழுக்களுக்காகவே.

குயவர்பாளையம் வாசகர்: மாத்திரை சாப்பிட்டால் கால்...

பதில்: இந்தக் கேள்விக்கு இனி பதில் இல்லை. முதல் பதிலைப் படியுங்கள்.

முத்தியால்பேட்டை வாசகர்: அம்மா, அரசு மருத்துவமனையில் கேட்டேன். பட்டைச் சோதனை நாளை. ஸ்லைடுக்கு இன்று இரவே வரச் சொன்னார்கள். எத்தனை மணிக்கு அழைத்துப் போகட்டும்? அப்பாவின் நான்காவது விரலிடுக்கில் சேற்றுப்புண் இருப்பதை இன்றுதான் பார்த்தேன்.

பதில்: பத்து மணிக்குப் பிறகு. ஒன்பது மணிக்கு எடுத்து அனுப்பிவிடப் பார்த்தால் காத்திருங்கள். புறப்படும் முன் அந்தக் காலைக் கழுவித் துடைத்து மருந்து போட்டுவிடுங்கள்.